‘சத்தம் காணாது’ என்ற முறைப்பாடும் கிளிப்பரின் டிரைவும்

கேள்வி: ஐயா, கிளிநொச்சியில் உள்ள ஒரு சிறிய எவ்.எம். நிலையத்தில் இரண்டு வருடங்களாகத் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன்னர் எங்கள் முகாமையாளரின் உறவினர் ரொறன்ரோவிலிருந்து பாவித்த ஒலிப் புரொசசர் (ஒலிபரப்புக்கு முன் ஒலியின் மட்டத்தைச் சீராக்கும் கருவி) ஒன்றை அனுப்பிவைத்தார். கொழும்பு நிலையங்களோடு ஒப்பிட்டால் எங்களுக்குச் ‘சத்தம் காணாது’ என்று முகாமையாளர் சொன்னதால், அதன் கிளிப்பர் டிரைவை (எல்லை தாண்டும் உச்சங்களை வெட்டும் கிளிப்பருக்குள் ஒலியை எவ்வளவு பலமாகத் தள்ளுவது என்ற அளவை)ப் பூச்சியத்திலிருந்து 4 டெசிபெல் வரை கூட்டினேன். சத்தம் கொஞ்சம் கூடியது. ஆனால் செய்தி வாசிக்கும்போது ‘ச’, ‘ஸ’ எல்லாம் துணி கிழிவதுபோலக் கேட்கின்றன; நாதஸ்வரம் அரத்தால் தேய்ப்பதுபோல இருக்கிறது. உச்சம் வரும்போது மொத்த ஒலியையும் தணிக்கும் லிமிற்றரின் மட்டத்தைக் குறைத்துப் பார்த்தேன். சத்தம் குறைந்ததே தவிரக் கிழிசல் போகவில்லை. ரான்ஸ்மிற்றருக்கான எவ்.எம். சமிக்ஞையை உருவாக்கும் எக்ஸைற்றரின் மீற்றர் சில வேளைகளில் 118 வீதம் காட்டுகிறது. புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கத்து நேயர்கள் இடையிடையே கரகரப்பதாகச் சொல்கிறார்கள். புரொசசர் கலையகத்தில் இருக்கிறது, அங்கிருந்து ஐ.பி. இணைப்பு மூலம் ஒலி ரான்ஸ்மிற்றர் குடிலுக்குப் போகிறது. அமைப்புகளின் பட்டியலை இணைத்துள்ளேன். கிளிப்பரையும் லிமிற்றரையும் எந்த இலக்கத்தில் வைக்க வேண்டும்? ஆர்.டி.எஸ். (நிலையத்தின் பெயரை வானொலித் திரையில் காட்டும் தரவு) சேர்க்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் இரண்டு இலக்கங்களைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலை வாசித்துக்கொண்டு போன நான், நீங்கள் கேட்காத ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘பிரீஎம்பசிஸ்: 75 மைக்றோசெக்கன்’ என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் கிழிசலின் பெரும் பங்கு அந்த வரியிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. அதைத் திருத்தாமல் கிளிப்பரையும் லிமிற்றரையும் எந்த இலக்கத்தில் வைத்தாலும் நீங்கள் ஒரு குறையைக் கொடுத்து இன்னொரு குறையை வாங்குவீர்கள்.

எவ்.எம். ஒலிபரப்பில் உயர் மீடிறன்களில்தான் இரைச்சல் அதிகம் என்பதால், அனுப்பும் இடத்தில் அந்த மீடிறன்களை முன்கூட்டியே தூக்கி அனுப்பி (இதுவே பிரீஎம்பசிஸ்), வாங்கும் வானொலிப் பெட்டியில் அதே அளவு இறக்கிவிடுகிறோம் (இது டீஎம்பசிஸ்). தூக்கிய ஒலியோடு சேர்ந்து வழியில் ஏறிய இரைச்சலும் இறங்கிவிடுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தத் தூக்கல் 75 மைக்றோசெக்கன் வளைகோட்டின்படி நடக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. ரொறன்ரோவில் வேலை செய்த கருவி ரொறன்ரோவின் அமைப்போடு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 மைக்றோசெக்கனில் 7 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 7.7 டெசிபெல் தூக்கப்படுகிறது. 75இல் அதே ஒலி 10.7 டெசிபெல் தூக்கப்படுகிறது. 15 கிலோஹேர்ட்ஸில் இந்த அளவுகள் 13.7 உம் 17 உம் ஆகின்றன. அதாவது ஒரு செய்தி வாசிப்பாளரின் ‘ஸ’ உங்கள் கிளிப்பரை அடையும்போது, இருக்க வேண்டியதைவிட 3 டெசிபெல் கூடுதலாகப் போய் மோதுகிறது. அதற்கு மேல் நீங்கள் கொடுத்த 4 டெசிபெல் டிரைவையும் சேர்த்தால் அந்த எழுத்துக்குக் கிடைப்பது 7 டெசிபெல் வெட்டு. எங்கள் நாட்டு வானொலிப் பெட்டிகள் 50க்கு ஏற்பத்தான் இறக்குகின்றன என்பதால், வெட்டுக்குத் தப்பிய உயர் ஒலிகளும் தேவைக்கு மேல் கூர்மையாகவே நேயரின் காதில் விழுகின்றன.

லிமிற்றரைக் குறைத்தும் கிழிசல் போகாததற்கும் காரணம் இதுவே. உங்களுடையதைப் போன்ற கருவிகளில் முழு ஒலிப்பட்டைக்குமான லிமிற்றர், பிரீஎம்பசிஸுக்கு முன்னால் இருக்கிறது. அது பார்ப்பது தூக்கப்படாத ஒலியை. அந்த நிலையில் ‘ஸ’ என்பது உயிரெழுத்துகளின் முழக்கத்துக்குப் பக்கத்தில் மிகச் சிறிய ஒரு சமிக்ஞை. ஆகவே லிமிற்றர் உயிரெழுத்துகளைக் கண்டு மொத்த மட்டத்தையும் குறைத்தது, சத்தம் குறைந்தது. பிறகு தூக்கப்பட்டு வளர்ந்த ‘ஸ’ முன்போலவே கிளிப்பரில் மாட்டிக்கொண்டது. ‘செய்திச் சுருக்கம்’ என்ற இரண்டு சொற்களை உங்கள் அறிவிப்பாளரைக் கொண்டு பத்துத் தடவை வாசிக்கச் செய்து கேளுங்கள். முதல் ‘செ’ சீறலாக வரும். ‘ச்சு’ வல்லினமாக அடைத்து வெடிக்கும். கிழிவது முதலாவதுதான், இரண்டாவது அல்ல. சீறல் நீண்டு நிற்கும் இரைச்சல் என்பதால் அதன் வெட்டு காதில் படுகிறது. வெடிப்பு கண நேரத்தில் முடிந்துவிடுவதால் அதன் வெட்டைக் காது பொருட்படுத்துவதில்லை. கிளிப்பரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த இரண்டு எழுத்துகளுக்கிடையே இருக்கிறது.

இனி லிமிற்றரும் கிளிப்பரும் செய்யும் வேலைகளுக்கிடையிலான வித்தியாசத்துக்கு வருகிறேன். இரணைமடுவில் வான்கதவைத் திறந்தால் குளத்தின் நீர்மட்டம் முழுவதுமே மெதுவாக இறங்குகிறது. ஆனால் அணைக்கட்டில் வந்து மோதும் ஓர் அலைக்கு அதன் உச்சி மட்டுமே சிதறுகிறது, குளத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. லிமிற்றர் வான்கதவு, ஓர் உச்சம் வருவதைக் கண்டதும் மொத்த ஒலியின் கெயினை (பெருக்கத்தை)ச் சில மில்லிசெக்கன்களுக்கோ அதற்கு மேலோ குறைக்கிறது, பிறகு மீட்கிறது. கிளிப்பர் அணைக்கட்டு, எல்லையைத் தாண்டிய பகுதியை மட்டும் அந்தக் கணத்திலேயே வெட்டுகிறது.

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து நிலையங்களுக்குக் காலை ஒலிபரப்பில் அதைத் தவிர்க்க முடியாது. தவிலின் வலந்தலையில் விரல்கூடுகள் விழும் அடி மிக உயரமானது, மிகக் குறுகியது. அதை லிமிற்றரிடம் விட்டால், ஒவ்வோர் அடிக்கும் நாதஸ்வரமும் சேர்ந்து அமுங்கி எழும். தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாசிக்கும்போது மூச்சு வாங்குவதுபோல ஒரு தள்ளாட்டம் கேட்கும். அதே அடியைக் கிளிப்பரிடம் விட்டால் அதன் நுனி மட்டும் போகும், பெரும்பாலான காதுகளுக்கு அது தெரியாது. நாதஸ்வரம் இதற்கு நேர்மாறு. அது நீண்டு நிற்கும், மேற்றொனிகள் (அடிப்படை மீடிறனின் மடங்குகள்) செறிந்த ஒலி. ஒற்றை நாதஸ்வரத்தை வெட்டினால் பிறக்கும் புதிய மீடிறன்கள் அதன் மேற்றொனிகளின் மேலேயே விழுவதால் ஒலி சற்றுக் கரடாகும், அவ்வளவே. ஆனால் கூடவே சுருதியோ இரண்டாவது நாதஸ்வரமோ சேர்ந்தால், இரண்டு ஒலிகளும் கிளிப்பருக்குள் கலந்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத, இராகத்துக்கும் சொந்தமில்லாத மீடிறன்களைப் பிறப்பிக்கின்றன. நீங்கள் அரம் தேய்ப்பதுபோல என்று எழுதியது இதைத்தான்.

ஆகவே குறுகிய உச்சங்கள் கிளிப்பருக்கு, நீண்டு நிற்கும் மட்டம் லிமிற்றருக்கு என்பதே பங்கீடு. நீங்கள் லிமிற்றரைத் தளர்த்தி வைத்துக் கிளிப்பருக்கு 4 டெசிபெல் கொடுத்தபோது, நீண்ட ஒலிகளையும் கிளிப்பரிடம் தள்ளிவிட்டீர்கள்.

உயர் மீடிறன்களில் பிறக்கும் திரிபை வாங்கும் பெட்டியின் டீஎம்பசிஸ் இறக்கிவிடும், ஆகவே துணிந்து வெட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. 5 கிலோஹேர்ட்ஸ் ஒலி ஒன்றை வெட்டினால் அதன் மூன்றாம் மடங்கு 15இல் விழுகிறது, அதை டீஎம்பசிஸ் நன்றாக அமுக்கிவிடும். ஆனால் 5 உம் 8 உம் சேர்ந்து கிளிப்பருக்குள் போனால் 2 கிலோஹேர்ட்ஸிலும் ஒரு ஒலி பிறக்கிறது. ஐந்தின் இரு மடங்கிலிருந்து எட்டைக் கழித்துப் பாருங்கள். அந்த இடத்தில் டீஎம்பசிஸ் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை, காதோ மிகக் கூர்மையாகக் கேட்கிறது. ‘ஸ’ என்பது ஒரே மீடிறன் அல்ல. அந்தப் பகுதி முழுவதையும் நிறைக்கும் இரைச்சல் அது என்பதால், அதை வெட்டும்போது இத்தகைய குப்பை ஒரு கூட்டமாகக் கீழே இறங்குகிறது. துணி கிழியும் சத்தம் அந்தக் கூட்டத்தினுடையது.

அடுத்தது 118 வீதம். எவ்.எம். ஒலிபரப்பில் காவி அலை (ஒலியைச் சுமந்து செல்லும் வானொலி அலை) தன் நடுவிலிருந்து இரு புறமும் 75 கிலோஹேர்ட்ஸ் வரை விலகலாம். அதுவே 100 வீதம். ஸ்ரீரியோவுக்கான 19 கிலோஹேர்ட்ஸ் பைலற் என்ற வழிகாட்டிச் சமிக்ஞை அதில் 8 முதல் 10 வீதம் வரை எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதுதான் உங்கள் செய்திக்கும் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும். இந்தக் கூரையை முகாமையாளரும் உயர்த்த முடியாது, நானும் உயர்த்த முடியாது. கிளிப்பரின் வேலையே இந்தக் கூரையை ஒலி தாண்டாமல் காப்பது என்னும்போது, கிளிப்பர் வேலை செய்துகொண்டிருக்கையிலேயே மீற்றர் 118 காட்டுகிறதென்றால், வெட்டிய உச்சம் பிறகு எங்கோ மீண்டும் வளர்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

எங்கே என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது: ஐ.பி. இணைப்பில். அந்த இணைப்பு ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கிறது. சுருக்கும் முறை காதுக்குத் தேவையில்லை என்று கருதுவதை எறிந்துவிடுகிறது. அலையின் வடிவத்தைக் காப்பது அதன் பொறுப்பல்ல. தட்டையாக வெட்டிய அலைக்கு அந்தத் தட்டையைக் கொடுப்பவை அதன் மேற்றொனிகளே. அவற்றில் சிலவற்றை எறிந்தாலோ அவற்றின் கட்டத்தை, அதாவது அவை ஒன்றோடொன்று பொருந்தும் நேரத்தை, மாற்றினாலோ தட்டை கலைந்து கூம்பாகிவிடும். முழுவதும் சதுரமாகிவிட்ட ஓர் அலையை வடிகட்டி அதன் அடிப்படை மீடிறனை மட்டும் விட்டுப் பாருங்கள். எஞ்சும் சைன் அலையின் உச்சம் சதுரத்தின் உச்சத்தைவிட 27 வீதம், அதாவது 2.1 டெசிபெல் உயரமாக இருக்கும். ஒன்றைக் கழித்தால் மற்றது உயர்கிறது என்பது முதன்முறை கேட்பவருக்கு நம்பக் கடினமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அலைகாட்டியில் பார்க்கும் வரை. இதைத்தான் எங்கள் தொழிலில் ஓவர்ஷூட் என்கிறோம். இது புதிய நோயும் அல்ல. லிமிற்றர் ஒரு பெட்டியிலும், இடது வலது ஒலிகளை ஒரே சமிக்ஞையாக்கும் ஸ்ரீரியோ ஜெனரேற்றர் இன்னொரு பெட்டியிலும் இருந்த காலத்தில், இரண்டாவது பெட்டியின் 15 கிலோஹேர்ட்ஸ் வடிகட்டி முதல் பெட்டி வெட்டியதையெல்லாம் மீண்டும் வளர்த்துவிட்டது. றொபேட் ஓர்பன் 1975இல் கொண்டுவந்த ஒப்ரிமொட் 8000 இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துத்தான் அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது. நீங்கள் அறியாமலே அந்த இரண்டு பெட்டிகளையும் மறுபடி பிரித்து, நடுவில் பல கிலோமீற்றர் தூரத்தையும் ஒரு சுருக்கியையும் வைத்திருக்கிறீர்கள்.

சத்தம் குறைவதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது என்று உங்கள் முகாமையாளரிடம் சொல்லுங்கள். ஓவர்ஷூட் 2 டெசிபெல் இருந்தால், அந்த அரிதான உச்சங்கள் 100ஐத் தாண்டாமலிருக்க மற்ற ஒலி முழுவதையும் 79 வீதத்தில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. ஓவர்ஷூட்டை ஒழித்தால் அந்த 2 டெசிபெல் எந்தத் திரிபும் இல்லாமல் கைக்கு வருகிறது. கிளிப்பரிடம் கிழிசலை விலையாகக் கொடுத்து வாங்கியதில் பாதி இப்படி இலவசமாகவே கிடைக்கும்.

எனவே பெரிய வேலை புரொசசரைக் கலையகத்திலிருந்து தூக்கி ரான்ஸ்மிற்றர் குடிலில் எக்ஸைற்றருக்குப் பக்கத்தில் வைப்பது. குடிலில் வெக்கை, தூசி, மின்வெட்டு என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். கருவியைக் கலையகத்தின் ஏசிக்குள் வைத்த காரணமும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் எக்ஸைற்றர் தாங்கும் வெக்கையை அதுவும் தாங்கும். ஒரு சிறிய யு.பி.எஸ். கொடுத்து, காற்றோட்டத்தைச் சரிசெய்து, அமைப்புகளைக் கலையகத்திலிருந்தே மாற்ற அதைக் குடிலில் உள்ள ஐ.பி. இணைப்போடு ஒரு வலையமைப்புக் கம்பியால் சேர்த்தால் போதும். இணைப்பில் இனிச் செயலாக்கப்படாத ஒலி, உச்சங்களுக்கு மேலே போதிய இடைவெளியோடு போகட்டும். புரொசசரின் உள்ளேயே ஸ்ரீரியோ ஜெனரேற்றர் இருப்பதாக உங்கள் பட்டியல் காட்டுகிறது. அதன் கொம்பொசிற் (ஒலியும் பைலற்றும் சேர்ந்த) வெளியீட்டை ஒரு குறுகிய கோஅக்சியல் கம்பியால் எக்ஸைற்றரின் கொம்பொசிற் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். எக்ஸைற்றரின் சொந்த ஸ்ரீரியோப் பகுதி இனி வேண்டாம். அதில் பிரீஎம்பசிஸை ஏற்கெனவே அணைத்து வைத்திருக்கிறீர்கள், அது நல்லது. இரண்டு இடத்திலும் தூக்கியிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் ஆறு மாதத்துக்கு முன்னரே எழுதியிருப்பீர்கள்.

அடுத்த வேலை, 118 என்று சொல்லும் அந்த மீற்றரையே சோதிப்பது. எக்ஸைற்றரின் மீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது எங்கள் தொழிலில் பழைய பிழை. விலை உயர்ந்த மொடியுலேஷன் மொனிற்றர் உங்களிடம் இருக்காது என்று நினைக்கிறேன், மடிக்கணினியும், யு.எஸ்.பி.யில் செருகும் மலிவான எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் வானொலி) வாங்கி ஒன்றும் போதும். ஒலிபரப்பு இல்லாத நள்ளிரவில், எக்ஸைற்றரை டம்மி லோட்டில் (அன்ரெனாவுக்குப் பதிலாக வலுவை வாங்கிக்கொள்ளும் சுமையில்) போட்டு, மொனோவாக்கி, பைலற்றை அணைத்து, மடிக்கணினியிலிருந்து 13,587 ஹேர்ட்ஸ் சைன் ஒலியைப் புரொசசரைத் தொடாமல் நேராக எக்ஸைற்றருக்குக் கொடுங்கள். எஸ்.டி.ஆரின் நிறமாலையில் நடுவில் காவி அலை ஒரு கோடாகவும், இரு பக்கமும் 13.6 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் பக்கக் கோடுகளும் தெரியும். ஒலியின் மட்டத்தைப் பூச்சியத்திலிருந்து மிக மெதுவாகக் கூட்டுங்கள். நடுக்கோடு தாழ்ந்து, தாழ்ந்து, ஓர் இடத்தில் அடியோடு மறையும். அப்போது விலகல் ஏறக்குறைய 32.7 கிலோஹேர்ட்ஸ். மேலும் கூட்டினால் அது மீண்டும் முளைத்து, உயர்ந்து, இரண்டாவது முறை மறையும். அந்த இரண்டாவது மறைவில் விலகல் சரியாக 75 கிலோஹேர்ட்ஸ். இது மீற்றரின் சொல் அல்ல, கணிதத்தின் சொல். அந்தக் கணத்தில் எக்ஸைற்றரின் மீற்றர் 100 காட்டாமல் 109 காட்டினால், மீற்றர் எவ்வளவு மிகைப்படுத்துகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். முதல் மறைவோடு நின்றுவிடாதீர்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது அங்கேயே நிறுத்தி, பாதிக்கும் குறைந்த விலகலில் ஒரு முழு நாள் ஒலிபரப்பினேன். ‘சத்தம் காணாது’ என்ற முறைப்பாட்டுக்கு அன்று முழு நியாயமும் இருந்தது.

இந்த நேரத்தில் புரொசசரின் பிரீஎம்பசிஸ் 50இல் இருக்க வேண்டும். புரொசசரின் 100 வீதச் சோதனை ஒலி எக்ஸைற்றரில் 75 கிலோஹேர்ட்ஸைத் தருமாறு உள்ளீட்டை ஒருமுறை சரிசெய்து, அந்தத் திருகின் மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டிவிடுங்கள். இதற்குப் பிறகு எவரும் அதைத் தொடக் கூடாது. பைலற்றை 9 வீதத்தில் வையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நீங்கள் கேட்ட இலக்கங்கள். உங்கள் கருவியின் பூச்சியம் வேறொரு கருவியின் பூச்சியம் அல்ல என்பதால், எந்த நிலையத்து இலக்கத்தையும் பிரதி பண்ணாதீர்கள், என்னுடையதையும்கூட. கிளிப்பர் டிரைவை இப்போதிருக்கும் 4இலிருந்து 1க்கு இறக்குங்கள். லிமிற்றரை, சாதாரண பாட்டுக்கு 2 அல்லது 3 டெசிபெல் குறைப்புக் காட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் மீட்சி நேரத்தை மிகக் குறுக்க வேண்டாம், குறுக்கினால் சத்தம் கூடும், ஆனால் குரலுக்கடியில் ஒரு முறுமுறுப்பு வரும். உயர் மீடிறன்களுக்குத் தனி லிமிற்றர் உங்கள் கருவியில் இருக்கிறது. அதை இதுவரை அணைத்து வைத்திருக்கிறீர்கள். அதை இயக்குங்கள். பிரீஎம்பசிஸுக்குப் பிறகு நின்று ‘ஸ’வைப் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான், அது பிடித்த மிச்சமே கிளிப்பருக்குப் போக வேண்டும். இதன்பின் கிளிப்பரை அரை டெசிபெல் அரை டெசிபெல்லாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் குறைந்தது அரை மணி நேரம் கேட்டு, முதல் கிழிசல் காதில் படும் இடத்திலிருந்து ஒரு டெசிபெல் இறக்கி நிறுத்துங்கள். உங்களுக்கு அது 1.5க்கும் 2.5க்கும் இடையில் எங்காவது வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

எதைக் கேட்டுச் சரிசெய்வது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். அண்மைக்காலச் சினிமாப் பாடல்களைப் போட்டுச் சரிசெய்யாதீர்கள். அவற்றில் பல ஒலிப்பதிவிலேயே உச்சம் தட்டையாக வெட்டப்பட்டு வருபவை, உங்கள் கிளிப்பர் இன்னும் வெட்டினாலும் அவை காட்டிக்கொடுக்கா. பெண் அறிவிப்பாளர் ஒருவரின் செய்தி, நாதஸ்வரக் கச்சேரி, தனி வீணை, ஒரு தொலைபேசி நேயரின் குரல் ஆகிய நான்கும் உண்மையைச் சொல்லும். இணையத்திலிருந்து இறக்கிய குறைந்த தரக் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கும் சலசலப்பைப் புரொசசரின் கொம்பிரசர் (உரத்த, மெல்லிய ஒலிகளின் இடைவெளியைக் குறைக்கும் பகுதி) வெளியே இழுத்துக் காட்டும். அதைக் கிளிப்பரின் குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒலிவாங்கியை வாசிப்பாளரின் வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கமாகத் திருப்பி வைத்தாலே சீறலில் ஒரு பகுதி கலையகத்திலேயே நின்றுவிடும். பாஸ் ஒலியையும் அளவோடு வையுங்கள்: ஒவ்வொரு பாஸ் அலையும் தன் மேல் ஏறிவரும் குரலைக் கூரைக்குத் தூக்கிக் கொடுத்து வெட்டு வாங்கித் தருகிறது. வயல் கொட்டிலில் தொங்கும் சிறிய பெட்டியில் அந்த பாஸ் கேட்கப்போவதுமில்லை.

புதுக்குடியிருப்பு, முள்ளியவளை நேயர்களின் கரகரப்பு பெரும்பாலும் இந்த 118ஆல்தான் வருகிறது. விலகல் அளவுக்கு மிஞ்சும்போது சமிக்ஞையின் விளிம்புகள் மலிவான பெட்டிகளின் வடிகட்டிக்கு வெளியே போய்விடுகின்றன. சமிக்ஞை பலமான கிளிநொச்சி நகரில் இது மறைந்துவிடும், தூரத்தில் மறையாது. வன்னி தட்டையான நிலம் என்பதால் மலை மறைப்பதில்லை, ஆனால் அன்ரெனாவின் உயரம் அதற்கேற்பப் பேசும். கொக்காவிலில் 2011இல் திறக்கப்பட்ட 174 மீற்றர் கோபுரத்தை ஏ9 வீதியில் போகும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உங்கள் கோபுரத்தின் உயரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து வரும் சமிக்ஞையில் பின்னணி இரைச்சல் இல்லாததையே உங்கள் முகாமையாளர் ‘சத்தம்’ என்று கேட்டிருக்கவும் கூடும். எவ்.எம்.இல் மொடியுலேஷனைக் கூட்டுவதால் ரான்ஸ்மிற்றர் வெளிவிடும் வலு ஒரு வாற் கூடக் கூடுவதில்லை; தூரமும் கூடுவதில்லை. ஸ்ரீரியோவிலிருந்து மொனோவுக்குப் போனால் மாத்திரம் விளிம்பில் உள்ளவருக்கு இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல் குறையும், பைலற் விட்ட இடத்தில் சத்தமும் ஒரு டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். செய்தியும் உரையாடலுமே பெரும்பகுதியான ஒரு நிலையத்துக்கு மொனோ ஒரு வெட்கக்கேடு அல்ல என்பது என் எண்ணம். ஆனால் எந்த முகாமையாளரும் இதுவரை அதை ஏற்றுக்கொண்டதில்லை.

முகாமையாளர் விடயத்தில் எனக்கும் அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் வவுனியாவில் ஒரு நிலையத்தில் வேலை செய்தபோது, அங்கிருந்த பெரியவர் தன் வாகனத்து வானொலியில் எங்களையும் போட்டி நிலையத்தையும் மாறி மாறிக் கேட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை ‘இன்னும் கொஞ்சம்’ என்பார். நானும் கூட்டிக்கொண்டே போனேன். ஒருநாள் பஸ் நிலையத்தடியில் ஓட்டோக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, ‘அண்ணை, உங்கட றேடியோவில செய்தி வாசிக்கிற பிள்ளைக்குப் பல்லேதும் கழண்டுபோச்சோ?’ என்று உண்மையான கரிசனையோடு கேட்டார். அன்றிரவே 3 டெசிபெல் இறக்கினேன். பெரியவர் இரண்டு வாரமாக எதையும் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம், இப்போது ஒலி நன்றாக இருக்கிறது, என்ன செய்தாய் என்று கேட்டார். ஆகவே உங்கள் முகாமையாளருக்கு ஒப்பிட்டுக் காட்டும்போது, ஒரே பெட்டியில், ஒரே இடத்தில், இரண்டு நிலையங்களிலும் செய்தி ஓடும் நேரத்தில் காட்டுங்கள். அங்கே பாட்டும் இங்கே பேச்சுமாக ஓடும்போது செய்யும் ஒப்பீட்டில் தோற்பது எப்போதும் பேச்சுத்தான்.

மாற்றங்களை ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் 75ஐ 50 ஆக்கி ஒரு வாரம் கேளுங்கள், ஏனெனில் அது ஒரு நிமிட வேலை, காசும் செலவில்லை. இடமாற்றம் அதற்குப் பிறகு, கிளிப்பரும் லிமிற்றரும் கடைசியில். ஒவ்வொரு பழைய இலக்கத்தையும் குடிலில் உள்ள பதிவுப் புத்தகத்தில் திகதியோடு எழுதிவிட்டு மாற்றுங்கள்.

ஆர்.டி.எஸ். தாராளமாகச் சேர்க்கலாம். 57 கிலோஹேர்ட்ஸில் போகும் அது 3 வீதத்தோடு திருப்திப்படும். பைலற்றின் 9ஐயும் சேர்த்தால் ஒலிக்கு 88 எஞ்சும். அந்தக் கணக்கை எக்ஸைற்றரில் அல்ல, புரொசசரின் ஸ்ரீரியோ ஜெனரேற்றரில் வையுங்கள். கொம்பொசிற் கிளிப்பர் என்று ஒரு வரியும் உங்கள் பட்டியலில் இருக்கிறது, அதைப் பூச்சியத்திலேயே விட்டுவிடுங்கள். பழைய கருவிகளில் அதன் வெட்டு 19இலும் 57இலும் குப்பையைக் கொட்டும், நிலையத்தின் பெயர் ஓட்டோக்களின் திரையில் விட்டுவிட்டுத் தெரியும்.